பழைய பெரிய பெட்டியா, புது சின்னப் பெட்டியா: குளுகோர் வாசகருக்கு ஒரு பதில்

அண்ணே வணக்கம். காப்சாய் மோட்டார் பத்தி நீங்க எழுதுறதெல்லாம் படிச்சுகிட்டு வர்றேன். நான் பினாங்கு தீவுல, குளுகோர்ல, டெரஸ் வீடு. சனி ஞாயிறுன்னா என்னோட புரோட்டான் வீரா காரையும் அப்பாவோட ஈஎக்ஸ்5 மோட்டாரையும் நானே நோண்டிகிட்டு இருப்பேன். சாமானெல்லாம் இப்ப மூணு பிளாஸ்டிக் பெட்டி, ரெண்டு வாளின்னு செதறிக் கிடக்குது, அதான் டூல் கேபினட் ஒண்ணு வாங்கலாம்னு. தீவுக்கு அக்கரையில, பிறையில ஒரு வொர்க்‌ஷாப் மூடுறாங்க, அங்க பழைய ஸ்னாப்-ஆன் ரோல் கேப், அதான் வீல் வச்ச டூல் பெட்டி, 40 இஞ்ச், ஒம்பது டிராயர், 3,500 வெள்ளி சொல்றாரு, சாவி இல்லையாம். ஆன்லைன்ல பேர் தெரியாத பிராண்டு ஒண்ணு, புத்தம் புதுசு, 27 இஞ்ச், ஏழு டிராயர், 1,050 வெள்ளி, வீட்டுக்கே வந்துடும். யூடியூப்ல எல்லாரும் பழசை வாங்குங்குறான், வீட்டுக்காரம்மா புதுச வாங்குங்குறாங்க. வைக்கப்போறது கார் போர்ச்ல, கேட்டுக்குப் பக்கத்து சுவரோரம். மேல மரப்பலகை போட்டு ஒரு வைஸ் (இரும்ப இறுக்கிப் பிடிக்குற சாமான்) மாட்டி வேலை செய்யணும்னும் ஆசை. எதை வாங்கட்டும்? பேரு போடாதீங்க அண்ணே.

தம்பி வணக்கம்,

வெலை, இஞ்ச், டிராயர் எண்ணிக்கை எல்லாம் சரியா எழுதிட்டு, போற போக்குல ஒரு வரி சொல்லியிருக்கீங்க பாருங்க, கேட்டுக்குப் பக்கத்து சுவரோரம்னு, என் கண்ணு அங்கதான் நின்னுச்சு. நீங்க பார்க்குற யூடியூப் வீடியோ முக்காவாசி அமெரிக்காக்காரன் போட்டது. ஹார்பர் ஃப்ரைட் கடையோட யூ.எஸ். ஜெனரல் பெட்டி, ஹோம் டிப்போவோட ஹஸ்கி, இதுகளப் பழைய ஸ்னாப்-ஆன் பக்கத்துல நிறுத்தி வச்சு பேசுவான். அவன் சொல்றது அவனுக்கு சரிதான், ஏன்னா அவன் கராஜ்ங்குறது நாலு சுவரு, கூரை, ஷட்டர் எல்லாம் வச்ச ஒரு ரூம். நம்ம கார் போர்ச் அப்படியா லா? பாதிக்கு மேல கூரை, மீதிக்கு வானம், தரை காவாய்ப் பக்கம் சரிஞ்சு இருக்கும், சாயங்காலம் மழை பிடிச்சா சாரல் கேட்டுலேர்ந்து கார் பானெட் வரைக்கும் வந்துட்டுதான் போகும், அதுல குளுகோர்ன்னா கடல் வேற எட்டுற தூரம். அந்த வீடியோவுல ஈரத்தப் பத்தி ஒரு நிமிஷம் கூட பேச மாட்டான், உங்க வீட்ல அதுதான் முக்கியமான கேள்வியே.

அதனால எந்தப் பெட்டிங்குறதுக்கு முன்னாடி எந்த இடம்னு முடிவு பண்ணுங்க. நான் உங்க எடத்துல இருந்தா பழசைத்தான் வாங்குவேன், ஆனா கேட்டோரம் வைக்க மாட்டேன், வீட்டுச் சுவரை ஒட்டி, சாரல் வராத உள்பக்கத்துக்குத் தள்ளிடுவேன். அந்த எடம் கிடைக்காது, அங்க செருப்பு ஸ்டாண்டும் புள்ளைங்க சைக்கிளும் இருக்கு, அசைக்க வீட்ல விட மாட்டாங்கன்னா, புதுசையே வாங்கிக்கோங்க, நாலஞ்சு வருசத்துல துரு ஏறுனா போனாப் போவுதுன்னு விட்டுடலாம், 3,500 வெள்ளியக் கொண்டுபோய் மழையில நிறுத்துறதுக்கு எனக்கு மனசு வராது.

பழசுதான்னு ஏன் சொல்றேன்னா பேருக்காக இல்ல. ஸ்னாப்-ஆன் 1920ல மில்வாக்கில ஆரம்பிச்ச கம்பெனி, அவங்க யாவாரமே வேன்ல சாமான ஏத்திகிட்டு வொர்க்‌ஷாப் வொர்க்‌ஷாப்பா போய் மெக்கானிக்குக்கு கடனா கொடுத்து தவணையில வாங்கிக்குறதுதான். புதுப் பெட்டி வெலையில அந்த வேனும் அந்தக் கடனும் சேர்ந்துதான் இருக்கும். அதோட அந்தப் பெட்டியச் செய்யுறது ஒரு நாளைக்கு நூறு தடவ டிராயரத் தொறந்து மூடி, சாமானோட சேத்து வொர்க்‌ஷாப்புக்குள்ள உருட்டிகிட்டுத் திரியுற ஆளுக்காக. உங்களுக்கு ஞாயித்துக்கிழமை பத்து தடவ தொறந்தா அதிகம். அந்த அளவு உழைப்பு உங்களுக்குத் தேவையே இல்ல, அதுக்குக் காசு கொடுக்குறதும் வீண்தான். கம்பெனி வாரண்டியும் பொதுவா முதல்ல வாங்குனவருக்குத்தான், மூணாவது கைக்கு வந்த பெட்டிக்கு யாரும் வர மாட்டாங்க, அத நம்பி வெலை கொடுக்காதீங்க.

எனக்கு வேணுங்குறது தகடு. 1 மி.மீ. கனம், ஒரு சதுர மீட்டர் இரும்புத் தகடு கிட்டத்தட்ட 8 கிலோ வரும். மலிவுப் பெட்டிங்க நெறைய 0.6, 0.7 மி.மீ. தகட்டுல வருது, நல்ல பெட்டிங்க 1 மி.மீ.க்கு மேல. வீடியோவுல கேஜ் கேஜ்ம்பான், அதுல நம்பரு கொறைய கொறைய கனம் கூடும், 18 கேஜ்ன்னா சுமாரா 1.2 மி.மீ., 22ன்னா 0.75 கிட்ட. இப்ப துரு ரெண்டையும் ஒரே மாதிரிதான் தின்னும். அரை மி.மீ. தின்னுச்சுன்னா மெல்லிசுல ஓட்டை, கனத்துல பாதிக்கு மேல மிச்சம், அத கம்பி பிரஷ் போட்டு தேய்ச்சு, ரஸ்ட் கன்வெர்ட்டர் தடவி, சிங்க் பிரைமர் அடிச்சு, கார் ஸ்பிரே கடையில பெயிண்ட் கொடுத்துட்டா திரும்ப ஓடும். வெல்டிங் வைக்கணும்னாலும் தகடு தாங்கும். 0.6ல வெல்டிங் வைக்கப் போனா அது பாட்டுக்கு உருகி ஓட்டையாயிட்டுப் போவும்.

ஆன்லைன் கடைக்காரன் தகட்டுக் கனத்த எழுத மாட்டான், எழுதுனாலும் டிராயர் முகப்புக் கனத்த மட்டும் எழுதுவான். அவன்கிட்ட பெட்டியோட எடை எவ்வளவுன்னு கேளுங்க, டெலிவரிக்காக அது கண்டிப்பா அவன்கிட்ட இருக்கும். ஒரே அளவு ரெண்டு பெட்டி, ஒண்ணு 30 கிலோ, இன்னொண்ணு 50 கிலோன்னா தகடு எங்க கொறைஞ்சதுன்னு நீங்களே கண்டுபிடிச்சுக்கலாம்.

சரி, பிறைக்குப் போனா என்ன பார்க்கணும். பெயிண்ட், ஸ்டிக்கர், கீறல் இதுல கண்ண வைக்காதீங்க, அதெல்லாம் பேரம் பேசத்தான் ஆகும். முதல்ல அடி டிராயர முழுசா கழட்டச் சொல்லிட்டு டார்ச் அடிச்சு அடித்தகட்டப் பாருங்க. வொர்க்‌ஷாப்ல சாயங்காலம் தரைக்கு ஓஸ் வச்சு தண்ணி அடிப்பாங்க, அது வருசக்கணக்கா பெட்டிக்கு அடியில தெறிச்சு தெறிச்சு, மேல பளபளன்னு இருக்குற பெட்டிக்கு அடியில சல்லடை ஆகியிருக்கும். ஸ்க்ரூ டிரைவர் முனையால குத்திப் பாருங்க, உள்ள போச்சுன்னா அப்படியே சலாம் போட்டுட்டு வந்துடுங்க. வீல் மாட்டுற எடத்துல தகடு கிழிஞ்சிருக்கா, சுத்தி வெல்டிங் போட்டிருக்கான்னும் தடவிப் பாருங்க. அப்புறம் பெட்டிய சமதரையில நிறுத்தி, பத்தடி தள்ளி நின்னு டிராயருங்களுக்கு நடுவுல உள்ள இடைவெளியப் பாருங்க. ஒரு பக்கம் அகலமாவும் ஒரு பக்கம் ஒட்டியும் இருந்தா பெட்டி எங்கயோ விழுந்திருக்கு, இல்ல ஃபோர்க்லிஃப்ட் இடிச்சிருக்கு, சட்டம் கோணிப்போச்சுன்னா வீட்ல வச்சு நிமுத்த முடியாது.

ரன்னரு, அதான் டிராயர் ஓடுற தண்டவாளம், அத மட்டும் கொஞ்சம் விவரமா சொல்லணும், ஏன்னா அதுலதான் நெறைய பேரு ஏமாறுறாங்க. ஒவ்வொரு டிராயரையும் கடைசி வரைக்கும் இழுத்து மேலயும் கீழயும் சைடுலயும் ஆட்டிப் பாருங்க. ரொம்பப் பழைய மாடல்ல பால் பேரிங் இல்லாம தகட்டு மேல தகடு உரசுற ரன்னரு இருக்கும், கிரீஸ் போட்டா ஓடும், ஆனா சாக்கெட் நெறஞ்ச டிராயர ஒத்த கையால இழுக்க முடியாது. பால் பேரிங்கா இருந்து, ரெண்டு மூணு தேஞ்சிருந்தா, விக்குறவரு "ஹார்ட்வேர் கடையில ரன்னரு விக்குது, மாத்திக்கலாம் பாஸ்"ம்பாரு. கடையில கிச்சன் கேபினட்டுக்கு விக்குற ரன்னரு 45 மி.மீ. உயரம், டிராயருக்கும் சட்டத்துக்கும் நடுவுல பக்கத்துக்கு அரை இஞ்ச், அதாவது 12.7 மி.மீ. எடம் வேணும். அளந்து பாருங்க. எடம் இருந்தா ஓட்டை போட்டு மாட்டிக்கலாம், நீளம் 10 இஞ்ச்லேர்ந்து ரெண்டு ரெண்டு இஞ்சா ஏறிப் போவும். எடம் இல்லேன்னா அந்தக் கம்பெனி ரன்னரத்தான் தேடணும், அது கெடைக்கும்போது வெலையும் அந்தக் கம்பெனி வெலையாத்தான் இருக்கும். ஒம்பதுல மூணுக்கு மேல ஆடுச்சுன்னா நான் வாங்க மாட்டேன்.

சாவி இல்லாதது பெரிய கவலை இல்ல. பூட்டு முகத்துலயே நம்பர் அடிச்சிருந்தா அத வச்சு சாவி எடுக்க வழி இருக்கு, இல்லேன்னா பூட்டையே மாத்திக்கலாம். ஆனா அது பூட்டுன நெலையில இருக்கா தொறந்த நெலையில இருக்கான்னு பாருங்க, பூட்டி இருக்குற பெட்டிய உள்ள என்ன இருக்குன்னு தெரியாம யாரும் வாங்குறதில்ல. இன்னொண்ணு, வித்தவரு உண்மையிலேயே முதலாளிதானா? வேலையாளு முதலாளிக்குத் தெரியாம தள்ளிவிடுற கதையெல்லாம் நம்ம ஊர்ல உண்டு, திருட்டுச் சாமான்னு தெரிஞ்சே வாங்குனா பீனல் கோட் 411ல நீங்களும்தான் நிப்பீங்க. கம்பெனி பேர்ல ஒரு ரசீது கேளுங்க, ஒழுங்கான ஆளு தயங்க மாட்டாரு.

வெலை 3,500 அதிகம்னு படுது. சாவி இல்ல, மூடுற கடை, சாமான அவரு காலி பண்ணியாகணும், அதோட பாலம் தாண்டி லோரியில கொண்டுவர்ற செலவு உங்களோடது, டோலும் தீவுக்கு வர்ற பக்கம்தான் வாங்குறான். 2,500ல ஆரம்பிச்சு பேசுங்க, 2,800க்கு மேல போனா யோசிங்க. ஏத்தும்போது எல்லா டிராயரையும் கழட்டி, பின்னாடி சாக்பீஸ்ல நம்பர் போட்டு தனியா ஏத்துங்க, வெறும் கூட்ட பழைய போர்வை விரிச்சு முதுகுப் பக்கமா படுக்க வச்சுடலாம். டிராயரோட தூக்குறேன்னு நாலு பேரு முதுக ஒடிச்சுக்காதீங்க.

புதுசுன்னு முடிவானா, 27 இஞ்ச் உங்களுக்குப் பத்துமான்னு பாருங்க. இருக்குற சாமான் எல்லாத்தையும் ஹால்ல பேப்பர் விரிச்சு ஒண்ணு மேல ஒண்ணு இல்லாம பரப்பி வைங்க, அந்தப் பரப்பு எத்தன டிராயர்ல அடங்கும்னு டேப் வச்சு கணக்குப் போடுங்க. வீராவும் ஈஎக்ஸ்5உம் பார்க்குற சாமான் பெரும்பாலும் நாலஞ்சு டிராயர்ல அடங்கிடும்னுதான் நான் நெனக்குறேன். 40 இஞ்ச் வாங்குனவங்க வீட்ல நான் பார்த்தது, கீழ் ரெண்டு டிராயர்ல பழைய வயரும் கரண்ட் பில்லும்தான். டிராயருக்கு எத்தன கிலோ தாங்கும்னு போட்டிருக்கான்னு பாருங்க. ஒரு டிராயரத் தொறந்தா மத்தது தொறக்காத மாதிரி இன்டர்லாக் இருந்தா நல்லது, லேசான பெட்டியில மேல் மூணு டிராயரையும் ஒண்ணா இழுத்தா பெட்டி அப்படியே முன்னாடி கவுந்து காலு மேல விழும், வீட்ல சின்னப் புள்ளைங்க இருந்தா இது வெளையாட்டு இல்ல. கனமான சாமான் எப்பவும் அடியில.

எதை வாங்குனாலும் வீல். போர்ச் தரை சரிவுங்குறதால பிரேக் வச்ச வீலு ரெண்டாவது வேணும், இல்லேன்னா ராத்திரியில அது தானா கேட்டப் பார்த்து நடந்து போயிடும். எடை கணக்குப் போடும்போது நாலால வகுக்காதீங்க, மூணால வகுங்க, மேடு பள்ளத் தரையில ஒரு வீலு எப்பவும் காத்துலதான் நிக்கும். பெட்டி 120 கிலோ, சாமான் 150 கிலோன்னா ஒரு வீலு 90 கிலோ தாங்கணும்.

ஈரத்துக்கு சிலிக்கா ஜெல் போட்டுட்டா போதும்னு நெறைய பேரு நெனக்குறாங்க, பெட்டி காத்து புகாத டப்பா இல்ல, நம்ம ஊரு காத்துல அது சீக்கிரமே ஈரத்த உறிஞ்சி நெறஞ்சுடும். டபிள்யூடி-40 தண்ணிய வெரட்டுறதுக்கு செஞ்சது, பேருலயே அதான் இருக்கு, மாசக்கணக்குல காக்குற எண்ணெய் இல்ல. வேலை முடிஞ்சதும் சாமான தொடைச்சு, மெஷின் ஆயில் தொட்ட துணியால ஒரு தடவு தடவிட்டு வைங்க. டிராயர்ல விரிக்குற ஃபோம் பாய் ஈரத்தப் பிடிச்சு வச்சுக்கும், அப்பப்ப தூக்கிப் பார்க்கணும்.

இன்னொரு வழியும் இருக்கு, நீங்க கேக்கல, இருந்தாலும் சொல்றேன். பாயான் லெப்பாஸ்ல 1972லேர்ந்து ஃபேக்டரிங்க இருக்கு, அதுங்க லைன் மாத்தும்போதும் எடம் மாறும்போதும் உள்ள இருந்த இரும்பு டிராயர் அலமாரிங்கள பழைய சாமான்காரங்ககிட்ட தள்ளிடுவாங்க. பிறை, புக்கிட் மெர்தாஜம் பக்கத்துப் பழைய இரும்புக் கடைங்கள்ல வெளிறிப்போன சாம்பல் கலர்ல, எந்த மெக்கானிக்கும் திரும்பிப் பார்க்காம நிக்கும். வீலு இருக்காது, அழகு இருக்காது, யூடியூப்ல காட்டவும் முடியாது, ஆனா ஏசி ஃபேக்டரிக்குள்ளயே இருந்ததால அடித்தகடு அநேகமா சுத்தமா இருக்கும். உருட்டத் தேவையில்ல, ஒரே எடத்துல நிக்கட்டும்னா, ரெண்டு செங்கல் உயரத்துக்கு ஒரு மேடை கட்டி அது மேல ஏத்திடலாம். பிறை ஆளு வெலையில இறங்கலேன்னா வர்ற வழியில இதையும் ஒரு பார்வை பார்த்துட்டு வாங்க.

மரப்பலகை தாராளமா போடலாம், நல்ல கனமான மெராந்தி பலகையா போட்டு மேலயும் கீழயும் எண்ணெய் அடிச்சுடுங்க, அடிப்பக்கம் விட்டா ஈரம் ஏறி வளைஞ்சுக்கும். வைஸ் மட்டும் மாட்டாதீங்க, எந்தப் பெட்டியிலயும். வைஸ்ல இரும்பப் பிடிச்சு நீங்க இழுக்குற இழுப்புக்கு வீல் வச்ச பெட்டி கூடவே வரும், மெல்லிசுப் பெட்டின்னா சட்டமே முறுக்கிக்கும், அப்புறம் எந்த டிராயரும் நேரா மூடாது. வைஸுக்குத் தனியா ஒரு ஆங்கிள் அயன் ஸ்டாண்டு செஞ்சு தரையில போல்ட் போடுங்க, ஜெலுத்தோங்ல வெல்டிங் கடை நெறைய இருக்கு, 2 இஞ்ச் ஆங்கிள்னு சொன்னீங்கன்னா அவங்களே அளவு கேட்டு செஞ்சு கொடுத்துடுவாங்க.