விட்டுப்போன ஸ்கூட்டியை மறுபடி எடுக்க: செங்கோட்டைப் பக்கத்துக் கேள்விகளும் பதில்களும்

செங்கோட்டையில் பெண்களுக்கு வண்டி ஓட்டச் சொல்லிக்கொடுத்து வருகிறேன். புதிதாகக் கற்க வருபவர்களைவிட, ஒரு காலத்தில் நன்றாக ஓட்டிவிட்டு நடுவில் விட்டவர்களின் கேள்விதான் இப்போது அதிகம். இந்த வாரம் வந்தவற்றில் சில.

இலஞ்சியிலிருந்து ஒரு தங்கச்சி: கல்யாணத்துக்கு முன்னாடி தினமும் தென்காசி வரைக்கும் ஓட்டிட்டுப் போவேன். ரெண்டு பிள்ளை பிறந்து ஒன்பது வருஷம் ஓடிருச்சு. இப்ப வண்டியில உட்கார்ந்தாலே கை நடுங்குது. முதல்லயிருந்து கத்துக்கணுமாக்கா?

வேண்டாம்மா. பேலன்ஸ் எங்கேயும் போகாது, ஏறி நாலு அடி நகர்ந்ததும் வந்துவிடும். கைக்கு மறந்துபோனது பிரேக்கின் அளவு. எவ்வளவு அமுக்கினால் வண்டி எங்கே நிற்கும் என்று விரலுக்குத் தெரியவில்லை, அதனால்தான் நடுக்கம். முதல் மூன்று நாள் ஓட்டிப் பழகாதே, நிறுத்திப் பழகு.

காலை ஆறு மணிக்கு ஆளில்லாத மைதானத்தில் ஒரு செங்கலை வை. பதினைந்து கிலோமீட்டர் வேகத்தில் வந்து, முன்சக்கரம் செங்கலுக்கு நேராக நிற்க வேண்டும். முதல் நாள் தாண்டித்தான் போகும். இருபது தடவை, முப்பது தடவை செய். ஒரு கட்டத்தில் செங்கலைப் பார்க்காமலே நிறுத்துவாய். அதற்குப் பிறகு தெருவுக்கு வா.

இன்னொன்று. 2019 ஏப்ரலுக்குப் பிறகு வந்த 125 சிசி வரையிலான ஸ்கூட்டர்களில் பெரும்பாலும் இடது பிரேக்கை அமுக்கினாலே இரண்டு சக்கரமும் சேர்ந்து பிடிக்கும். நீ முன்பு ஓட்டிய வண்டியில் இடது கை பின்சக்கரத்தை மட்டும் பிடித்திருக்கும். உன் நினைவில் இருக்கும் பிடிப்பு வேறு, இந்த வண்டியின் பிடிப்பு வேறு.

புளியரையிலிருந்து: வாசல்ல வண்டியத் திருப்பையில சீறிப் பாய்ஞ்சு சுவத்துல இடிச்சிட்டேன். அதோட சாவியத் தொடல, ஆறு மாசமாச்சு.

என்ஜின் ஓடிக்கொண்டிருந்தது, நீங்கள் இறங்கி நின்று உருட்டினீர்கள், வலது கை ஆக்சிலேட்டரில் இருந்தது. சரிதானே அக்கா? என்னிடம் வருபவர்களில் பாதிப் பேருக்கு இதே கதை. வண்டி சாயப் பார்க்கும்போது நாம் கைப்பிடியை இறுக்கிப் பிடித்து நம் பக்கம் இழுக்கிறோம். மணிக்கட்டு கீழே இறங்குகிறது, ஆக்சிலேட்டர் தானாகத் திருகிக்கொள்கிறது. வண்டி பாய்ந்ததும் பயத்தில் இன்னும் இறுக்குகிறோம், அது இன்னும் பாய்கிறது. புத்தி கெட்டுச் செய்வதில்லை, கை அப்படித்தான் போகும்.

உருட்டுவதென்றால் சாவியை அணைத்துவிட்டு உருட்டுங்கள், எப்போதும். உட்கார்ந்த பிறகு, இடது பிரேக்கைப் பிடித்துக்கொண்டு ஸ்டார்ட் செய்யுங்கள். வலது மணிக்கட்டு முழங்கையோடு ஒரே கோட்டில் இருக்கட்டும். ஆள்காட்டி விரலும் நடுவிரலும் பிரேக் லீவர் மேலேயே கிடக்கட்டும். அந்த இரண்டு விரலும் லீவரில் இருந்தால், பதற்றத்தில் முழுக் கையாலும் திருகுவது கஷ்டம். அதே வாசலில், என்ஜினை அணைத்துவிட்டுப் பத்து நாள் திருப்பிப் பழகுங்கள். இடித்த இடத்திலேயே பழகினால்தான் அந்தச் சுவர் மனதைவிட்டுப் போகும்.

பண்பொழியிலிருந்து ஒரு அண்ணாச்சி: வீட்டுக்காரி பயப்படுதா. நான் பின்னாடி உட்கார்ந்து சொல்லிக்குடுக்கட்டுமா?

வேண்டாம் அண்ணாச்சி. வண்டியே நூறு கிலோவுக்கு மேல். பின்னால் ஆள் ஏறினால் மெதுவான வேகத்தில் ஆட்டம் கூடும், அவர்கள் பயமும் கூடும். தள்ளி நின்று பாருங்கள். "பிரேக்கப் புடி"ன்னு கத்தாதீர்கள்.

கேசவபுரத்திலிருந்து: லைசென்ஸ் முடிஞ்சு ஒன்றரை வருஷம் ஆகுது. எனக்கு 43 வயசு.

முடிந்து ஒரு வருஷத்துக்குள் என்றால் டெஸ்ட் இல்லாமல் புதுப்பிக்கலாம். நீங்கள் தாண்டிவிட்டதால் மறுபடி ஓட்டிக்காட்ட வேண்டும், 40 வயதுக்கு மேல் என்பதால் டாக்டர் சான்றிதழும் வேண்டும். கையில் வரும்வரை ரோட்டுக்கு வராதீர்கள், லைசென்ஸ் இல்லாமல் ஓட்டினால் 5,000 ரூபாய் அபராதம். எட்டு போடுவதை நினைத்துக் கலங்க வேண்டாம். ஆக்சிலேட்டரைச் சீராக வைத்து, இடது பிரேக்கை லேசாகத் தொட்டுக்கொண்டே, அடுத்து திரும்ப வேண்டிய இடத்தைப் பாருங்கள். சக்கரத்தைப் பார்த்தால் கால் ஊன்றிவிடும்.

பிரானூர் பார்டரிலிருந்து ஒரு தங்கச்சி: சாரல் சீசன்ல எடுக்கலாமா? லாரி பக்கத்துல போனா வண்டியே ஒதுங்குது.

செங்கோட்டை 1956 நவம்பர் 1 வரை திருவிதாங்கூர்-கொச்சி மாநிலத்தில் இருந்தது. எல்லை புளியரைக்கு அப்பால் போய்விட்டாலும் உங்கள் ஊரில் 'பார்டர்' என்ற பேர் மட்டும் நின்றுவிட்டது. புரோட்டாக் கடைகளுக்காக கார்கள் சட்டென்று ஓரம் கட்டும் இடம் அது, ஆகவே பழக அந்த ரோடு வேண்டாம்.

ஆனி, ஆடியில் ஆரியங்காவுக் கணவாய் வழியாக வரும் காற்று பலமாக இருக்கும். லாரி பக்கத்தில் வரும்போது காற்று ஒரு நொடி மறைந்து, அது கடந்ததும் திரும்ப வந்து அடிக்கும். நீ ஒதுங்குவது அப்போதுதான். கைப்பிடியை இறுக்காமல் முழங்கையைத் தளர்த்து, வேகத்தைக் குறை, இடைவெளி விடு. சாரலில் முதல் பத்து நிமிஷம்தான் மோசம், ரோட்டில் படிந்த எண்ணெயும் தூசியும் சேர்ந்து வழுக்கும். முதல் தடவை எடுப்பவள் சாரல் விடும் வரை பொறுப்பதில் குறைவு ஒன்றுமில்லை.

ஆரியங்காவில் வேலை பார்ப்பவர்: புளியரை எஸ் வளைவு இறக்கத்துல வண்டி திடீர்னு இலகுவாகி ஓடுது. பிரேக் போயிருச்சோன்னு பயந்துட்டேன்.

பிரேக் போகவில்லை. ஸ்கூட்டரில் கியர் நம் கையில் இல்லை. ஆக்சிலேட்டரை விட்டதும் என்ஜின் கொஞ்சம் பிடித்து இழுக்கும், வேகம் நன்றாகக் குறைந்ததும் உள்ளே கிளட்ச் விட்டுவிடும். அதன் பிறகு இறக்கத்தில் சைக்கிள் மாதிரி சும்மா உருளும். வளைவுக்குள் போய்ப் பிடிக்காதீர்கள், முன்னாலேயே நேர்ப்பாதையில் இரண்டு பிரேக்கும் போட்டுக் குறைத்துவிடுங்கள். ஓரத்தில் மணல் கிடந்தால் முன் பிரேக்கை வெடுக்கென்று பிடிக்கக் கூடாது. கார்த்திகை, மார்கழியில் சபரிமலை வண்டிகள் சேரும் நேரத்தில் கூடுதல் நிதானம் வேண்டும். கேரளத்தில் 2023 ஜூன் முதல் கேமரா வழியாக அபராதம் போடுகிறார்கள், பின்னால் உட்காருபவருக்கும் ஹெல்மெட் வேண்டும்.

மேக்கரையிலிருந்து: வண்டி நாலு வருஷமா தொழுவத்துல நிக்குது. பெட்ரோல் ஊத்தி எடுக்கலாமா?

அப்படியே எடுக்காதீர்கள். பழைய பெட்ரோலை வடித்து, ஆயிலும் பேட்டரியும் மாற்றி, பிரேக்கைக் கழற்றிப் பார்க்கச் சொல்லுங்கள். டயர் ஓரத்தில் நாலு இலக்கம் இருக்கும். 2318 என்றால் 2018-ன் 23-வது வாரத்தில் செய்தது. பட்டன் தேயாமல் புதுசு மாதிரி தெரிந்தாலும் பக்கவாட்டில் வெடிப்பு இருந்தால் மாற்றிவிடுங்கள். மெக்கானிக் ஒரு சுற்று ஓட்டிக் கொடுத்த பிறகு நீங்கள் ஏறுங்கள்.

கட்டளைக்குடியிருப்பிலிருந்து: எனக்கு 58 ஆகுது. பேத்திய ஸ்கூலுக்கு விடணும். முடியுமா?

முடியும் மதினி. உட்கார்ந்தால் இரண்டு பாதமும் முழுசாகத் தரையில் படும் வண்டியாக வாங்குங்கள். ஒரு மாதம் தனியாகவே கடைக்கும் கோயிலுக்கும் போய்வாருங்கள். அடுத்து அரிசிப் பையைப் பின்னால் கட்டி ஓட்டிப் பாருங்கள், கனம் ஏறினால் நிற்கும் தூரம் எப்படி மாறுகிறது என்று தெரியும். அதற்குப் பிறகு பேத்தியை ஏற்றலாம், அவள் அளவுக்கே ஒரு ஹெல்மெட் வாங்கிப் போட்டு.