படம் வராத பழைய டிவி கேம்: திரை என்ன காட்டுகிறது என்பதிலிருந்து தொடங்குங்கள்

கேட்டவர் சொல்வது இது: சிறு வயதில் வாங்கிய டிவி கேம் பெட்டியைப் புதிய எல்.இ.டி. டிவியில் இணைத்தால் படம் வருவதில்லை. ஒருமுறை வந்தது, அதுவும் கறுப்பு வெள்ளையில். பெட்டி போய்விட்டதா?

அப்படி முடிவு கட்டிவிடாதீர்கள். கொழிஞ்சாம்பாறையில் டிவி, ரேடியோ பழுது பார்ப்பது என் தொழில். கோடை விடுமுறை வந்தால் பரணிலிருந்து இறக்கிய கேம் பெட்டிகள் என் மேசைக்கு வரத் தொடங்கிவிடும். சாமுராய், பெயரே இல்லாத சீனப் பெட்டி, வளைகுடாவிலிருந்து மாமாவோ சித்தப்பாவோ கொண்டுவந்த நின்டெண்டோ, சேகா என்று எல்லா வகையும் வரும். அவற்றில் சிப் உண்மையிலேயே செத்துப்போனவை மிகக் குறைவு.

டிவியை ஏ.வி.க்கு மாற்றி, பெட்டியை ஆன் செய்துவிட்டுத் திரையைப் பாருங்கள். 'சிக்னல் இல்லை' என்ற எழுத்து அப்படியே நிற்கிறதா? அல்லது அது மறைந்து, திரை முழுக்கக் கறுப்போ சாம்பலோ ஒரே நிறமாக இருக்கிறதா? இந்த இரண்டும் வேறு வேறு நோய்கள். எழுத்து மறைந்தால் பெட்டியின் சிக்னல் டிவிக்குப் போய்ச் சேர்ந்துவிட்டது, வீடியோ பகுதி உயிரோடு இருக்கிறது என்று பொருள். ஓடாமல் நிற்பது விளையாட்டுதான். கேபிளை மாற்றி மாற்றிப் பார்த்து நேரத்தை வீணாக்காமல் கேசட்டைக் கையில் எடுங்கள்.

ஜப்பானில் ஃபேமிகாம் என்ற பெயரில் விற்ற நின்டெண்டோவுக்கும் அதன் நகல் பெட்டிகளுக்கும் கேசட்டில் 60 பின்கள்; மேற்கத்திய நின்டெண்டோவுக்கு 72. சில பின்கள் சரியாகத் தொடாவிட்டாலே போதும், திரையில் சிதறிய கட்டங்கள் வரும் அல்லது ஒரே நிறம் நிற்கும். பஞ்சுக் குச்சியில் ஐசோபுரோப்பைல் ஆல்கஹால் தொட்டு, குச்சியில் கறுப்பு ஒட்டுவது நிற்கும் வரை கேசட்டின் பின்களைத் துடையுங்கள். வாயால் ஊதவே ஊதாதீர்கள். எச்சில் ஈரம் அந்த நேரத்துக்கு வேலை செய்வதுபோல் காட்டி, பிறகு பின்னை அரிக்கும். மேற்கத்திய நின்டெண்டோவில் திரை நொடிக்கு ஒருமுறை மினுங்கினால் அதுவும் பின் தொடாத கோளாறுதான். உள்ளே இருக்கும் காவல் சிப் கேசட்டை அடையாளம் காண முடியாமல் பெட்டியைத் திரும்பத் திரும்ப ரீசெட் செய்கிறது. ஃபேமிகாமிலும் நகல் பெட்டிகளிலும் அந்தச் சிப் கிடையாது.

இனி 'சிக்னல் இல்லை' என்று நிற்கும் டிவிக்கு வருவோம். ஒலியைக் கூட்டி, ஸ்டார்ட் பொத்தானை அழுத்துங்கள். இசை கேட்டால் பெட்டி ஓடுகிறது, வீடியோ வழி மட்டும்தான் எங்கோ அறுந்திருக்கிறது. வீட்டில் பழைய டிவிடி பிளேயர் இருந்தால் அதை அதே கேபிளில், அதே துளையில் இணைத்துப் பாருங்கள். அதன் படம் வந்தால் டிவியும் கேபிளும் குற்றமற்றவை. இந்த ஒரு சோதனை பாதி ஊகத்தைத் தீர்த்துவிடும்.

டிவிடியின் படமும் வராவிட்டால் கேபிளைச் சந்தேகியுங்கள். புதிய டிவிகள் பலவற்றில் மஞ்சள், சிவப்பு, வெள்ளைத் துளைகள் இல்லை. இயர்போன் துளை போன்ற 3.5 மி.மீ. ஏ.வி. துளைதான் உண்டு. அதற்கான கேபிள்கள் பார்க்க ஒன்றுபோல் இருந்தாலும், பின்னில் உள்ள நான்கு வளையங்களில் எது வீடியோ, எது கிரவுண்ட் என்பது கம்பெனிக்குக் கம்பெனி மாறும். வரிசை மாறினால் படம் வராது, இரைச்சல் மட்டும் கேட்கும். டிவியோடு வந்த கேபிளையே தேடி எடுங்கள்.

உங்கள் டிவியில் கறுப்பு வெள்ளையில் படம் வந்தது என்கிறீர்கள். அது நல்ல செய்தி. சில டிவிகளில் மஞ்சளும் பச்சையும் ஒரே துளையில்தான் இருக்கும். அப்போது டிவியின் சோர்ஸ் பட்டியலில் கம்போனென்ட்டை (படத்தை மூன்று கம்பிகளில் பிரித்து அனுப்பும் முறை) விட்டுவிட்டு ஏ.வி.யைத் தேர்ந்தெடுக்க வேண்டும். அது சரியாக இருந்தால் அடுத்தது நிற முறை. நம் நாட்டு அனலாக் டிவி முறை பால் (PAL). அதில் நிறச் செய்தி 4.43 மெகாஹெர்ட்ஸில் வரும். ஜப்பானிய, அமெரிக்கப் பெட்டிகள் என்.டி.எஸ்.சி. (NTSC) முறை; அவற்றில் 3.58. டிவி மெனுவில் கலர் சிஸ்டம் பால் என்று பூட்டப்பட்டிருந்தால் நிறம் வராது. ஆட்டோவுக்கோ என்.டி.எஸ்.சி.க்கோ மாற்றுங்கள். நகல் பெட்டி எந்த வகை என்று தெரியாவிட்டால் மூடியைத் திறந்து வெள்ளி நிறக் கிரிஸ்டலைப் படியுங்கள். 26.60 என்று தொடங்கினால் பால், 21.47 என்றால் என்.டி.எஸ்.சி.

இன்னொரு காரணம் பெட்டியிலும் இல்லை, கேபிளிலும் இல்லை. இந்தப் பெட்டிகள் ஒளிபரப்பைப்போல் ஒற்றைப்படை வரிகள், இரட்டைப்படை வரிகள் என்று மாறி மாறி அனுப்புவதில்லை. ஒவ்வொரு முறையும் அதே வரிகளையே அனுப்பும். டியூப் டிவி அதைப் பொருட்படுத்தாமல் காட்டிவிடும். எல்.இ.டி. டிவியின் கணக்கு இங்கே குழம்பும்: சிலவற்றில் படம் நடுங்கும், சிலவற்றில் 'சிக்னல் இல்லை' என்றே வரும். பெட்டி ஒரு டிவியில் வந்து மற்றொன்றில் வராவிட்டால் இதுதான் காரணமாக இருக்கக்கூடும். ஏ.வி.யை எச்.டி.எம்.ஐ.யாக மாற்றும் சிறு கன்வெர்ட்டர் இங்கே உதவலாம், ஆனால் பொத்தானை அழுத்தியதற்கும் திரையில் குதிப்பதற்கும் இடையே தாமதம் கூடும். வாங்குமுன் கடையில் போட்டுப் பார்த்து வாங்குங்கள்.

உங்கள் பெட்டியில் ஆன்டெனா வயர் மட்டும் இருந்தால் பெட்டி ஓடிக்கொண்டிருக்கும்போதே டிவியில் அனலாக் சேனல் தேடலைப் போடுங்கள். படம் சுத்தமாக வந்து ஒலி மட்டும் இரைந்தால் ஒலி முறை பொருந்தவில்லை: நம் முறையில் படத்துக்கும் ஒலிக்கும் இடைவெளி 5.5 மெகாஹெர்ட்ஸ், என்.டி.எஸ்.சி.யில் 4.5. அசல் ஜப்பானிய ஃபேமிகாமின் சேனல்கள் 90 மெகாஹெர்ட்ஸுக்கு மேல் இருப்பதால் நம் 3, 4 சேனல்களில் அதைத் தேடிப் பயனில்லை.

படம் வந்தும் கெட்டுப்போவது தனிக் கதை. போன கோடையில் வேலந்தாவளத்திலிருந்து ஓர் ஆசிரியை பெட்டி ஒன்றைக் கொண்டுவந்தார். "டிவியை மாற்றியும் பார்த்துவிட்டோம் தம்பி, அதே கோடுதான்" என்றார். திரையில் மங்கலான இரண்டு பட்டைகள், கீழிருந்து மேலாக மிக மெதுவாக ஏறிக்கொண்டிருந்தன. அந்த மெதுவான நடைதான் துப்பு. நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ். அடாப்டரில் ஏ.சி.யை டி.சி.யாக நேராக்கியபின் எஞ்சும் அலை 100 ஹெர்ட்ஸ். பால் படமும் நொடிக்கு 50 முறை வருவதால் ஒரு படத்துக்கு இரண்டு பட்டைகள் கிட்டத்தட்ட ஒரே இடத்தில் நிற்கும். திறந்தால் அந்த அலையைச் சமன் செய்யும் 1000 மைக்ரோஃபாரட் கெபாசிட்டரின் தலை லேசாக உப்பி, காலடியில் பழுப்புப் பிசின் காய்ந்து கிடந்தது. மீட்டரை ஏ.சி. அளவில் வைத்து 7805 ரெகுலேட்டரின் (மின்சாரத்தை 5 வோல்ட்டில் நிறுத்தும் சிப்) உள்வாயிலைத் தொட்டதும் அலை தெரிந்தது. அதே மதிப்பு, 25 வோல்ட் கெபாசிட்டர் ஒன்றைப் போட்டதும் திரை துடைத்தாற்போல் ஆனது. பாலக்காட்டுக் கணவாய்க் காற்று அடிக்கும் எங்கள் பக்கத்தில் சித்திரை வெயிலில் ஓட்டுக்கூரைப் பரணில் கிடக்கும் பெட்டிக்கு இது வரத்தான் செய்யும்.

அடாப்டரில் மட்டும் மிகக் கவனமாக இருங்கள். 9 வோல்ட் என்று எழுதியிருப்பது போதாது. மேற்கத்திய நின்டெண்டோவின் அடாப்டர் ஏ.சி. கொடுக்கும், அதை ஃபேமிகாமில் செருகினால் பெட்டி கெடும். சேகா மெகா டிரைவின் முதல் மாடலுக்கு நடுமுனை மைனஸ், இரண்டாவது மாடலுக்கு நடுமுனை பிளஸ். பெட்டியின் அடியில் உள்ள வட்டக் குறியைப் படித்துவிட்டுச் செருகுங்கள்.

கேபிள் சரி, ஒலி வருகிறது, படம் மட்டும் இல்லை என்றால் மஞ்சள் துளையின் சால்டரைப் பாருங்கள். பல ஆண்டுகள் பிடுங்கிச் செருகியதில் வளையமாக விரிசல் விட்டிருக்கும். சூடு காட்டி மறுபடி ஒட்டினால் போதும். அதற்குப் பிறகும் வராவிட்டால் பக்கத்தில் உள்ள சின்ன வீடியோ டிரான்சிஸ்டரை மெக்கானிக்கிடம் சோதிக்கச் சொல்லுங்கள்.

எல்லாம் சரியான பிறகும் வாத்து சுடும் துப்பாக்கி எல்.இ.டி. டிவியில் வேலை செய்யாது. அது டியூப் டிவியின் ஒளித்துடிப்பை நம்பிச் செய்யப்பட்டது. கேபிளோ கன்வெர்ட்டரோ அதற்கு உதவாது. அக்கம்பக்கத்தில் யாராவது ஓடுகிற டியூப் டிவியை எடைக்குப் போடுவதாக இருந்தால் கேட்டு வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். அதன் பின்மூடியை மட்டும் நீங்களே திறக்காதீர்கள். அணைத்த பிறகும் டியூபில் ஆயிரக்கணக்கான வோல்ட் தேங்கி நிற்கக்கூடும்.