தெரியாத காட்டுப் பாதையில் தனியாக மவுண்டன் பைக் ஓட்டிப் போகலாமா?

போகலாம். நான் போகிறேன். ஆனால் முதல் தடவை நான் போன மாதிரி மட்டும் போகாதீர்கள்.

அன்றைக்கு எடுத்தவுடனே இறக்கம். இறங்கும்போது நேரம் போவதே தெரியாது. 40 நிமிடம் ஜாலியாக இறங்கியிருப்பேன். காய்ந்த சுள்ளி ஒன்று பின்சக்கரத்தில் சிக்கி, கியர் மாற்றச் செயினை நகர்த்தும் டெரெயிலர் என்ற பாகத்தை இழுத்துக்கொண்டு சுற்றியது. 'டக்' என்று ஒரு சத்தம், அவ்வளவுதான். டெரெயிலரை ஃபிரேமோடு சேர்த்துப் பிடிக்கும் ஹேங்கர் என்ற சின்ன அலுமினியத் துண்டு முறிந்துவிட்டது. அடிபட்டால் ஃபிரேமுக்கு முன்னால் அது உடைய வேண்டும் என்றுதான் அப்படிச் செய்கிறார்கள். சரி, ஃபிரேம் தப்பித்தது. நான் 3 மணி நேரம் வண்டியைத் தள்ளிக்கொண்டு மேலே ஏறினேன்.

போதாததற்கு, வழியும் தவறியது. போகும்போது நான் பார்க்காத ஒரு பிரிவு, திரும்பும்போது முன்னால் வந்து நின்றது. பின்பக்கமிருந்து சாய்வாக வந்து நம் பாதையில் சேரும் வழி, போகிறபோது கண்ணில் படுவதில்லை. அதனால் இப்போதெல்லாம் அங்கங்கே நின்று, திரும்பிப் பார்த்து, வந்த வழியை ஒரு படம் எடுத்துக்கொள்கிறேன்.

வரைபடத்தை வீட்டிலேயே போனில் இறக்கிவிடுங்கள். ஜிபிஎஸ் வேலை செய்ய டவர் தேவையில்லை. ஃபிளைட் மோடிலும் பெரும்பாலான போன்களில் அது ஓடும். டவரைத் தேடித் தேடி பேட்டரி தீர்வதும் மிச்சம்.

எப்போது திரும்புவது? பாதி தூரம் என்று கணக்குப் போடாதீர்கள். இறங்கி வந்திருந்தால், வண்டியைத் தள்ளிக்கொண்டு ஏற எவ்வளவு நேரமாகும் என்று யோசியுங்கள். மரங்களுக்கு அடியில் வெளிச்சம் சீக்கிரமே மங்கிவிடும், அதையும் கழித்துக்கொள்ளுங்கள்.

ஓட்டுவதில் எனக்குள்ள ஒரே விதி: தெரியாத திருப்பத்தில் வேகம் பாதி, பயமாக இருந்தால் இறங்கி நடை. பார்க்கத்தான் யாருமில்லையே! ஈரமான வேர்களைக் குறுக்காக, செங்கோணத்தில் தாண்டுங்கள். அதன் மேல் பிரேக் பிடிக்கவே கூடாது.

வீட்டில் "காட்டுக்குப் போறேன்" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போவது சொல்லாமல் போவதற்குச் சமம். எங்கே நுழைகிறீர்கள், எங்கே வெளியே வருவீர்கள், எத்தனை மணிக்குள் போன் வராவிட்டால் தேட ஆரம்பிக்க வேண்டும், இந்த மூன்றையும் சொல்லுங்கள்.

அப்புறம் பை. தண்ணீர், டியூப், பம்ப், செயினைக் கழற்றி மாட்டும் செயின் டூல், விசில் எல்லாம் வழக்கம்போல. கூடவே ஒரு ஸ்பேர் ஹேங்கர். அது இல்லாவிட்டால் செயினை வெட்டிச் சுருக்கி ஒரே கியரில் ஓட்டிப் பார்க்கலாம், ஆனால் பின்பக்க சஸ்பென்ஷன் உள்ள வண்டியில் அது அசையும்போது செயின் நீளமும் மாறும், சரிப்பட்டு வராது. வாங்கும்போது உங்கள் ஃபிரேம் மாடலைச் சொல்லி வாங்குங்கள். ஒரு வண்டியின் ஹேங்கர் இன்னொன்றுக்குப் பெரும்பாலும் சேராது.