மருதம்பட்டை முதல் அரளி வரை: வாசகர் கேள்விகள்

இம்முறை வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் சர்க்கரையும் இரத்த அழுத்தமும்தான். பழைய குறையும் தொடர்கிறது. என்ன மாத்திரை, எத்தனை மில்லிகிராம், கிரியேட்டினின் (சிறுநீரகத்தின் நிலையைக் காட்டும் இரத்தப் பரிசோதனை) எவ்வளவு என்று ஒருவர்கூட முழுமையாக எழுதவில்லை. இவை தெரியாமல் ஓர் இலையைக்கூட நான் பரிந்துரைக்க முடியாது.

எட்டு மாதத்துக்கு முன் மாரடைப்பு வந்து ஸ்டென்ட் வைத்தார்கள். மருதம்பட்டைக் கஷாயம் குடித்ததிலிருந்து மூச்சு வாங்குவதில்லை. க்ளோபிடோகிரெல் மாத்திரையை விட்டுவிடலாமா? (காசிமேடு)

விடக் கூடாது. இன்றிரவு வேளையைக்கூட விடக் கூடாது. மருதம்பட்டை நெஞ்சுவலியைக் குறைக்கலாம் என்று நம் நாட்டில் நடந்த சில சிறிய ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. அந்தப் பட்டை மேல் எனக்கும் மதிப்பு உண்டு. ஆனால் ஸ்டென்ட்டுக்குள் இரத்தம் கட்டாமல் காக்கும் வேலையை அதை நம்பி ஒப்படைக்க முடியாது. மாரடைப்புக்குப் பின் அந்த மாத்திரை பொதுவாக ஓராண்டு தேவை. கஷாயம் குடிப்பதை உங்கள் இதய மருத்துவரிடம் சொல்லிவிடுங்கள்.

வெந்தயம் எவ்வளவு, எப்போது? (பெரம்பூர்)

ஊறவைத்தது இரண்டு தேக்கரண்டி, உணவுக்கு முன். அதன் வழவழப்பான நார்ச்சத்து சர்க்கரை இரத்தத்தில் சேரும் வேகத்தைக் குறைக்கிறது. மாத்திரைக்கும் அதற்கும் இரண்டு மணி நேரம் இடைவெளி விடுங்கள்.

மூன்று மாத்திரை போட்டும் இரத்த அழுத்தம் 160க்குக் கீழே வரவில்லை. வேறு மருந்து எதுவும் எடுப்பதில்லை. தொண்டைக்கு அதிமதுரம் மட்டும் தினமும் சுவைக்கிறேன். (எண்ணூர்)

அந்த "மட்டும்"தான் காரணமாக இருக்கலாம். அதிமதுரத்தில் உள்ள கிளைசிரைசின் உடம்பில் உப்பைத் தேக்கி, பொட்டாசியத்தை வெளியேற்றும், அழுத்தம் ஏறும். இன்றே நிறுத்துங்கள், பொட்டாசியம் பரிசோதனை செய்யுங்கள், இரண்டு வாரம் கழித்து அழுத்தத்தைப் பாருங்கள். மாத்திரைகளை நிறுத்தாதீர்கள்.

ராசப்ப செட்டி தெருவுக்குப் போனபோது, வாசலில் ஒருவர் சர்க்கரை நோய்க்கு என்று விற்ற மூலிகைத் தூளை வாங்கினேன். ஐந்தே நாளில் 280 இருந்தது 110 ஆகிவிட்டது. தொடரலாமா? (தண்டையார்பேட்டை)

அந்த வேகம்தான் எனக்குப் பயமாக இருக்கிறது. ஆவாரம்பூ, நாவல்கொட்டை, சிறுகுறிஞ்சான் எல்லாம் எனக்குத் தெரியும். சிறுகுறிஞ்சான் இலையை மென்றால் அரைமணி நேரம் சர்க்கரை மண் போலச் சப்பிட்டுப் போகும், நானே மென்று பார்த்திருக்கிறேன். ஆனால் இந்த இலைகளும் கொட்டைகளும் ஐந்து நாளில் 170 புள்ளி இறக்குவதை முப்பது ஆண்டு வைத்தியத்தில் நான் பார்த்ததில்லை.

சில ஆண்டுகளுக்கு முன் ஒரு மழைக்கால இரவில், அறுபதைத் தாண்டிய அம்மா ஒருவரை என்னிடம் தூக்கி வந்தார்கள். உடல் முழுக்க வியர்வை, பேச்சுக் குழறல், சர்க்கரை 40ஐ ஒட்டி. ஆங்கில மருந்தைத் தொட்டதே இல்லை என்றார் மகன். முந்தானையில் முடிந்திருந்தது பெயரில்லாத ஒரு தூள். குளுக்கோஸ் ஏற்ற ஏற்ற, சர்க்கரை மறுபடி மறுபடி இறங்கியது. சிறுநீரகம் பழுதான உடம்பில் கிளிபென்கிளமைடு என்ற சர்க்கரை நோய் மாத்திரை அப்படித்தான் செய்யும். அந்தத் தூளில் என்ன இருந்தது என்று சோதிக்க வழியில்லாமல் போனது. ஆனால் இப்படிப்பட்ட மாத்திரையை அரைத்துக் கலந்த "மூலிகை" மருந்துகள் பல நாடுகளில் சோதனையில் பிடிபட்டிருக்கின்றன. ஈயமும் பாதரசமும்கூடச் சிலவற்றில் கிடைத்திருக்கின்றன.

என் கோபம் மூலிகை மீதல்ல, நாட்டு மருந்துக் கடைகள் மீதும் அல்ல. பொட்டலத்தில் உரிம எண், தொகுதி எண், சேர்ந்த சரக்குகளின் பெயர், தயாரித்த தேதி இருக்க வேண்டும் என்பது சட்டம். சர்க்கரையைக் குணப்படுத்தும் என்று மருந்துக்கு விளம்பரம் செய்வதையே 1954ஆம் ஆண்டுச் சட்டம் தடை செய்கிறது. பெயர் எழுத மறுப்பவர் எதையோ மறைக்கிறார். தூளை உடனே நிறுத்துங்கள். தூக்கி எறியாதீர்கள், பொட்டலத்தோடு மருத்துவரிடம் போங்கள். சர்க்கரை திரும்ப ஏறும். கிரியேட்டினினையும் பார்த்து, அதற்கேற்ற மாத்திரையை அவர் தருவார்.

சர்க்கரைக்குத் தரும் மெட்ஃபார்மின் மாத்திரை ரசாயனம், எனக்குச் செடி மருந்துதான் வேண்டும். (வியாசர்பாடி)

அதன் மூலமும் ஒரு செடிதான். ஐரோப்பாவின் காலேகா என்ற செடியிலிருந்த பொருள் சர்க்கரையைக் குறைத்தது, ஆனால் நச்சாகவும் இருந்தது. அதற்கு உறவான மெட்ஃபார்மினை 1922இல் ஆய்வகத்தில் செய்தார்கள். 1957இல் பிரான்சில் நோயாளிகளுக்குத் தந்து பயனை வெளியிட்டார்கள். செடியின் நச்சைத் தவிர்த்துப் பயனை எடுத்த மாத்திரை அது.

இதய மருந்து அரளியிலிருந்து எடுப்பதாகப் படித்தேன். வீட்டில் மஞ்சள் அரளி இருக்கிறது, எப்படிப் பயன்படுத்துவது? (திருவொற்றியூர்)

பாதி படித்துவிட்டு எழுதியிருக்கிறீர்கள். டிகாக்சின் என்ற இதய மருந்து டிஜிட்டாலிஸ் என்னும் வேறொரு செடியிலிருந்து வருவது. வித்தரிங் என்ற ஆங்கில மருத்துவர் 1785இல் அந்தச் செடியைப் பற்றி எழுதினார். மாத்திரையில் இருப்பது கால் மில்லிகிராம். அதிலேயே சிறுநீரகம் பழுதானவர்களுக்கு அளவு மீறிவிடும். அரளியில் இருப்பது அதே இனத்து நஞ்சு, ஒவ்வொரு கொட்டையிலும் ஒவ்வோர் அளவு. எந்த வடிவிலும் வாயில் வைக்காதீர்கள். வீட்டில் யாராவது கொட்டையை விழுங்கிவிட்டால் உப்புக் கரைசல் கொடுத்து நேரத்தை வீணாக்காமல், மிச்சக் கொட்டையைக் கையில் எடுத்துக்கொண்டு நேரே ஸ்டான்லி மருத்துவமனை அவசரப் பிரிவுக்குக் கொண்டு போங்கள்.