கியர் ஒயில் ஒழுகி கியர்பொக்ஸ் போய்விட்டது: கராஜிடம் நட்டஈடு கேட்கலாமா?

கேள்வி: நான் நானுஓயாவில் ஆசிரியையாக இருக்கிறேன். என்னிடம் லீசிங்கில் எடுத்த ஒட்டோ கியர் கார் ஒன்று இருக்கிறது. போன மாதம் கண்டியில் ஒரு கராஜில் கியர் ஒயில் மாற்றினேன். இரண்டு வாரம்கூட ஆகவில்லை, றம்பொடை ஏற்றத்தில் எஞ்ஜின் இரைந்ததே தவிர கார் இழுக்கவில்லை. இறங்கிப் பார்த்தால் கீழே சிவப்பாக ஒயில். கராஜுக்குச் சொன்னேன். "மெதுவா ஓட்டிட்டு வீட்டுக்குப் போங்க மிஸ், ஒண்ணும் ஆகாது" என்று வட்ஸ்அப்பில் குரல் பதிவு அனுப்பினார்கள். லபுக்கலை வரைதான் வந்தது, அங்கேயே நின்றுவிட்டது. இப்போது "ஒயில் ஒழுகுவது தெரிந்தும் ஓட்டியது உங்கள் பிழை" என்கிறார்கள். சேர்விஸுக்குப் பின் வரும் பழுதுகளுக்குப் பொறுப்பல்ல என்று பில்லிலும் அச்சடித்திருக்கிறது. வண்டியை அனுப்பினால் கழற்றிப் பார்ப்பதாகச் சொல்கிறார்கள். நான் நட்டஈடு கேட்க முடியுமா?

பதில்: கேட்கலாம். ஆனால் வண்டியை அந்தக் கராஜுக்கு அனுப்பாதீர்கள். உங்கள் வழக்கின் உயிர் காரின் அடியில் இருக்கிறது. அவர்கள் ஒருமுறை கழற்றிப் பூட்டிவிட்டால், ஒயில் எங்கிருந்து ஒழுகியது என்பதை அப்புறம் யாராலும் காட்ட முடியாது.

ஒட்டோ கியர்பொக்ஸ் தெரிந்த, இந்தக் கராஜோடு தொடர்பில்லாத ஒருவரை வைத்துப் பார்க்கச் சொல்லுங்கள். என்றைக்கு, எங்கே பார்க்கப் போகிறீர்கள் என்று கராஜுக்கும் முன்கூட்டியே எழுத்தில் அறிவியுங்கள். அவர்கள் வந்தாலும் வராவிட்டாலும் உங்களுக்கு நல்லதுதான். கை வைப்பதற்கு முன் படம் எடுக்க வேண்டும். ஒயில் வடிக்கும் நட்டு தளர்ந்திருக்கிறதா, அதன் வாஷர் புதியதா, ஏற்கெனவே நசுங்கிய பழையதா, புரி தேய்ந்திருக்கிறதா என்று பார்க்க வேண்டும். மிஞ்சியிருக்கும் ஒயிலை அளந்து, ஒரு போத்தலில் எடுத்து வையுங்கள். நட்டையும் வாஷரையும் பையில் போட்டுத் திகதி எழுதி வையுங்கள். பார்த்தவர் தான் கண்டதை எழுதிக் கையொப்பமிட்டுத் தரட்டும். நாளைக்கு நீதிமன்றத்தில் நிபுணர் சாட்சியாக நிற்க வேண்டியவர் அவர்தான்.

ஒன்றை இப்போதே சொல்லிவிடுகிறேன். கியர்பொக்ஸின் அடியில் ஒயில் தேங்கும் தட்டு கல்லில் அடிபட்டு வெடித்திருந்தால் கராஜைப் பிடித்துப் பயனில்லை. அது விபத்துச் சேதம். முழுக் காப்புறுதி இருந்தால் அந்தப் பக்கம்தான் போக வேண்டும், அதுவும் தாமதிக்காமல்.

நட்டில்தான் கோளாறு என்றால் சட்டம் உங்கள் பக்கம். 2003 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்க நுகர்வோர் அலுவல்கள் அதிகாரசபைச் சட்டப்படி, சேவை வழங்குபவர் உரிய கவனத்தோடும் திறமையோடும் அதைச் செய்ய வேண்டும். பில்லில் எழுதாவிட்டாலும் இந்தப் பொறுப்பு உண்டு. "பொறுப்பல்ல" என்ற வரியைக் கண்டு பயப்பட வேண்டாம். தன் கவனயீனத்துக்குத் தானே விலக்கு எழுதிக்கொள்ளும் நிபந்தனை நியாயமானதா என்று நீதிமன்றம் பார்க்கும். 1997 ஆம் ஆண்டின் 26 ஆம் இலக்க நியாயமற்ற ஒப்பந்த நிபந்தனைகள் பற்றிய சட்டம் அதற்காகவே வந்தது.

அடுத்தது, ஒழுகியது தெரிந்தும் ஓட்டினீர்கள் என்ற வாதம். இதுதான் அவர்களிடம் இருக்கும் பலமான ஆயுதம். ஒட்டோ கியரில் ஒயில் இருப்பது தேய்மானத்தைத் தடுக்க மட்டுமில்லை. உள்ளே கிளட்ச் தட்டுகளை இறுக்கிப் பிடிப்பதும் அந்த ஒயிலின் அழுத்தம்தான். ஒயில் குறைந்தால் பம்ப் காற்றை இழுக்கும், தட்டுகள் வழுக்கும், வழுக்கினால் சூடேறிக் கருகும். எஞ்ஜின் இரைந்தும் கார் இழுக்கவில்லை என்றால் றம்பொடையிலேயே தட்டுகள் வழுக்கத் தொடங்கிவிட்டன. லபுக்கலை வரை ஏற்றத்தில் ஓட்டியது அதை மோசமாக்கியிருக்கலாம். இதை மறைக்காதீர்கள். உங்கள் பக்கத் தவறு இருந்தால் நட்டஈடு அந்த அளவுக்குக் குறையும், கோரிக்கை முழுவதும் அழியாது. 1968 ஆம் ஆண்டின் 12 ஆம் இலக்கச் சட்டம் இதைத்தான் சொல்கிறது.

ஆனால் நீங்கள் உங்கள் விருப்பத்துக்கு ஓட்டவில்லையே. "மெதுவா ஓட்டிட்டு வீட்டுக்குப் போங்க மிஸ்" என்று தொழில் தெரிந்தவர் சொன்னதை நம்பித்தான் ஓட்டினீர்கள். கடிதத்தில் அதைப் போகிற போக்கில் எழுதியிருக்கிறீர்கள், என் கண்ணில் பட்டதே அந்த வரிதான். அந்தப் பதிவை அழிக்காதீர்கள். இன்னொரு போனுக்கு அனுப்பி வைத்தால் மட்டும் போதாது, அது வந்து சேர்ந்த போனையே பத்திரமாக வைத்திருங்கள்.

இனி கால எல்லை. நுகர்வோர் அலுவல்கள் அதிகாரசபையிடம் நீங்கள் முறைப்பாடு செய்யலாம். அந்த முறைப்பாடு, சேவை நடந்த நாளிலிருந்து 3 மாதத்துக்குள் எழுத்தில் போக வேண்டும். வண்டி நின்ற நாளிலிருந்து எண்ணாதீர்கள். முறைப்பாட்டை நுவரெலியா கச்சேரியில் உள்ள அவர்களின் மாவட்ட அலுவலகத்தில் கொடுக்கலாம், விபரம் கேட்க 1977 என்ற இலக்கம் இருக்கிறது. பில் சிங்களத்தில் இருந்தாலும் பரவாயில்லை, முறைப்பாட்டைத் தமிழிலேயே எழுதுங்கள். அது அரசியலமைப்பின் நான்காம் அத்தியாயம் தந்த உரிமை, யாரும் செய்யும் தயவு இல்லை. அதிகாரசபை விசாரித்து நட்டஈடு கொடுக்கும்படி கட்டளையிடலாம்.

அதோடு ஒரு சட்டத்தரணி மூலம் கராஜுக்குப் பதிவுத் தபாலில் கோரிக்கைக் கடிதம் அனுப்புங்கள். திருத்தச் செலவு, வண்டியைத் தூக்கிக்கொண்டு போன கூலி, பாடசாலைக்கு வேறு வாகனத்தில் போய்வந்த செலவு எல்லாம் பற்றுச்சீட்டோடு சேரட்டும். தொகையைப் பொறுத்து, வழக்குக்கு முன் இரு தரப்பையும் சமரசம் செய்ய முயலும் இணக்க சபைக்கு முதலில் போக வேண்டி வரலாம். அங்கே சட்டத்தரணிகள் உங்களுக்காகப் பேச முடியாது, நீங்களே பேச வேண்டும். இணக்கம் வராவிட்டால் அவர்கள் தரும் சான்றிதழோடு மாவட்ட நீதிமன்றம் போகலாம். கவனயீனத்துக்கான வழக்கு 2 வருடத்தில் காலாவதியாகிவிடும்.

லீசிங் தவணையை மட்டும் நிறுத்திவிடாதீர்கள். வண்டி ஓடாவிட்டாலும் தவணை ஓடும், கராஜோடு உள்ள பிணக்கு லீசிங் தந்த நிதி நிறுவனத்தைக் கட்டுப்படுத்தாது. வாகனப் பதிவில் அந்த நிறுவனமே முழு உரிமையாளராக இருக்கும். அதனால் கியர்பொக்ஸைக் கழற்றுவதற்கு முன் அவர்களுக்கும் ஒரு கடிதம் கொடுத்து, பிரதியில் முத்திரை வாங்கிக்கொள்ளுங்கள்.