பிளாக் ஸ்வான் படத்தில் நினாவுக்கு நிஜமாக நடந்தது எது, பிரமை எது?

நினாவைத் தவிர வேறு யாராவது அதைப் பார்த்தார்களா என்று கேளுங்கள், பெரும்பாலும் விடை கிடைத்துவிடும். டேரன் அரோனோஃப்ஸ்கி இயக்கிய இந்த 2010 படத்தில் நேட்டலி போர்ட்மேன் நடித்த பாலே நடனக்காரி நினா இல்லாத காட்சியே கிடையாது. அவள் கண்ணுக்குத் தெரிவதுதான் நமக்கும் தெரியும். அதனால் 'திரையில் காட்டினார்களே' என்பது சாட்சியாகாது.

தோள்பட்டைக் கீறல் நிஜம். அம்மா பார்க்கிறாள், திட்டுகிறாள், நகத்தை வெட்டிவிடுகிறாள். அவள் திட்டும் விதத்திலேயே இது பழைய வழக்கம் என்று தெரிகிறது. 'ஸ்வான் லேக்' பாலேயில் வெள்ளை அன்னம், கறுப்பு அன்னம் இரண்டுமாக ஆடும் முதன்மை வேடம் கிடைத்த பிறகுதான் மனம் பிறழ்ந்தது என்று எழுதுகிறவர்கள் இந்த இடத்தைத் தாண்டிப் போய்விடுகிறார்கள். விருந்தின்போது கழிவறையில் விரல் தோல் உரிவது பிரமை. அடுத்த கணமே விரல் முழுசாக இருக்கிறது.

அதே குழுவின் நடனக்காரி லில்லியோடு பாருக்குப் போனது நிஜம், பிறகு வீட்டில் இருவரும் உறவுகொண்டது பிரமை. மறுநாள் லில்லியே சிரித்துக்கொண்டு மறுக்கிறாள். திரும்பப் பார்க்கும்போது அம்மாவைக் கவனியுங்கள்: வாசலில் நினாவிடம் மட்டும்தான் பேசுகிறாள், பக்கத்தில் நிற்பவளைச் சட்டை செய்வதே இல்லை.

நினாவுக்கு முன் குழுவின் முதன்மை நடனக்காரியாக இருந்த பெத் விஷயத்தில்தான் சிக்கல். அவள் அடிபட்டு ஆஸ்பத்திரியில் கிடப்பது எல்லோருக்கும் தெரியும். ஆனால் நக அரத்தால் தன் முகத்தையே குத்திக்கொண்டதற்கு நினாவைத் தவிர சாட்சி இல்லை. லிஃப்டுக்குள் அந்த ரத்த அரம் நினா கையில் இருக்கிறது. குத்தியது நினாவாகவே இருக்கலாம்.

கண்ணாடிகளையும் விடாதீர்கள். பிம்பம் ஒரு நொடி தாமதித்தாலோ தானாகத் திரும்பினாலோ பிரமை தொடங்கிவிட்டது என்று அர்த்தம். சுற்றிலும் கண்ணாடி உள்ள ஷாட்களில் கேமராவின் பிம்பத்தை டிஜிட்டலாக அழித்திருக்கிறார்கள். படத்தின் பெரும்பகுதி சூப்பர் 16 மி.மீ. என்ற சிறிய அளவு ஃபிலிமில், கையில் பிடித்த கேமராவால் எடுக்கப்பட்டது. ஆவணப்படம் போன்ற அந்தக் கரகரப்புதான் நம்மை எளிதில் ஏமாற்றுகிறது. படத்தின் இசையமைப்பாளர் கிளின்ட் மான்செல், சாய்க்கோவ்ஸ்கியின் 'ஸ்வான் லேக்' இசையைப் பின்னோக்கி ஓடவிட்டும் சிதைத்தும் சேர்த்த இடங்களில் காதையும் தீட்டிக்கொள்ளுங்கள்.

கடைசியில், ஒப்பனை அறையில் லில்லியைக் கொன்றது பிரமை. சற்று நேரத்தில் அவளே கதவைத் தட்டி வாழ்த்துகிறாள். லில்லியைக் குத்துவதாக நினைத்து நினா தன்னையே குத்திக்கொண்ட வயிற்றுக் காயமோ நிஜம். லில்லி அலறுகிறாள், குழுவின் இயக்குநர் லெராய் 'என்ன செய்தாய்' என்று பதறுகிறார். அந்தக் காயத்தோடு கறுப்பு அன்னத்தின் ஆட்டத்தை எப்படி முழுவதும் ஆடினாள் என்று மருத்துவர்கள் கேட்டால் பதில் சொல்வது கடினம். செத்தாளா என்பதைப் படம் சொல்வதில்லை, திரை வெளுத்துவிடுகிறது.