முதலில் தரையில் இருங்கள்

அன்புள்ள அக்கா,

கிளிநொச்சியில் ஓர் அரச அலுவலகத்தில் முகாமைத்துவ உதவியாளராக இருக்கிறேன். வயது 33. சனிக்கிழமைகளில் மகளைக் கராத்தே வகுப்புக்குக் கூட்டிச் செல்கிறேன். "நீங்களும் சேரலாம்தானே" என்று மாஸ்டர் கேட்டார். ஆசையாக இருக்கிறது. ஆனால் மாடிப்படி ஏறினாலே மூச்சு வாங்குகிறது. ஆறு மாதம் ஓடி, உடம்பைக் குறைத்து, இருபது தண்டால் எடுக்கும் அளவுக்கு வந்த பிறகு சேர்வது சரியா? எனக்குக் கராத்தே பொருத்தமா, ஜூடோவா? ஊரில் என்ன சொல்வார்களோ என்ற யோசனையும் இருக்கிறது.

பி.கு.: 2009 யுத்தத்தில் இடது தொடையில் பட்ட செல் துண்டு ஒன்று இன்னும் உள்ளே இருக்கிறது. நோவு இல்லை.

அன்புள்ள தங்கைக்கு,

தண்டால் கணக்கைக் கடிதத்தின் நடுவில் எழுதிவிட்டு, செல் துண்டைப் பின்குறிப்பில் வைத்திருக்கிறீர்கள். அதுதான் முதல் வரியாக இருந்திருக்க வேண்டும். உங்களை மட்டும் ஏசவில்லை. வன்னியில் எத்தனையோ பேர் உடம்புக்குள் இரும்பை வைத்துக்கொண்டு, "நோவு இல்லை" என்று வயலுக்கும் கந்தோருக்கும் போய் வருகிறோம். உயிர் தப்பியதே பெரிது என்று அன்று விட்டது, அப்படியே விட்டபடி கிடக்கிறது. இந்தக் கிழமையே ஆஸ்பத்திரிக்குப் போய் ஓர் எக்ஸ்ரே எடுங்கள். துண்டு மூட்டுக்கு அருகிலா, நரம்புக்கோ பெரிய இரத்தக் குழாய்க்கோ பக்கத்திலா என்று டாக்டரிடம் கேளுங்கள். தசைக்குள் அசையாமல் கிடக்கும் துண்டோடு நன்றாக நடமாடுகிறவர்கள் பலர். ஆனால் அதை முடிவு செய்ய வேண்டியவர் டாக்டர். மாடிப்படியில் வரும் மூச்சு வாங்கலையும் அதே நாளில் சொல்லிவிடுங்கள். இன்னொன்று: என்றைக்காவது எம்.ஆர்.ஐ. எடுக்கச் சொன்னால், உள்ளே உலோகம் இருப்பதை வாசலிலேயே சொல்ல வேண்டும். அந்த இயந்திரத்தின் காந்தம் இரும்பை இழுக்கும்.

கராத்தேயா ஜூடோவா என்பதற்கு, உங்கள் வீட்டிலிருந்து போய்வரக்கூடிய வகுப்பு எதுவோ அது. ஊர் சொல்வதைச் சொல்லட்டும்.

இனி அந்த ஆறு மாதம். இந்தக் கேள்வி எனக்கு வருத்தத்தையும் கோபத்தையும் சேர்த்தே தருகிறது. ஆறு மாதம் ஓடினால் ஓட்டம் வரும். இதயமும் நுரையீரலும் பலப்படும், அதை மறுக்கவில்லை. ஆனால் உடம்பு எந்த வேலையைக் கொடுக்கிறோமோ அந்த வேலைக்குத்தான் பழகும். கராத்தேயில் முன்காலை மடித்து, பின்காலை நீட்டி, பின்குதிக்கால் தரையை விட்டு எழும்பாமல் நிற்கும் நிலையை ஏ9 வீதியோர ஓட்டம் கற்றுத் தராது. அப்படி நின்றால்தான் தொடை அதற்குப் பழகும். உலக சுகாதார நிறுவனம் வளர்ந்தவர்களுக்குச் சொல்வது வாரத்துக்குக் குறைந்தது 150 நிமிட மிதமான உடற்பயிற்சி. ஒன்றேகால் மணித்தியால வகுப்பு வாரத்துக்கு இரண்டு என்றால் அது அங்கேயே நிறைந்துவிடுகிறது. நீங்கள் வகுப்புக்கு வெளியே தேடும் ஆயத்தம் வகுப்புக்கு உள்ளேதான் இருக்கிறது. கராத்தேயை 1922இல் ஒகினாவாவிலிருந்து டோக்கியோவுக்குக் கொண்டுபோன ஃபுனகோஷி, சிறுவயதில் நோஞ்சான் பிள்ளை. உடம்பு தேறட்டும் என்றுதான் அவரைப் பயிற்சிக்கு அனுப்பினார்கள். தேறிய பிறகு வா என்று யாரும் சொல்லவில்லை.

தண்டாலை விடுங்கள். நான் ஒன்று கேட்கிறேன். தரையில் சப்பாணி கட்டி இருந்துவிட்டு, கை ஊன்றாமல் உங்களால் எழும்ப முடியுமா?

கொஞ்ச நாளாக இதே யோசனைதான் எனக்கு. புதுக்குடியிருப்பில் ஒரு செத்தவீட்டுக்குப் போயிருந்தேன். விறாந்தையில் பாய் விரித்திருந்தது. எழுபது தாண்டிய பெரியம்மா ஒருவர் சேலையை ஒதுக்கிக்கொண்டு அதில் இருந்தார். வருகிறவர்களைக் கட்டி அழ எழும்பினார், திரும்ப இருந்தார், மறுபடி எழும்பினார். கை தரையில் படவேயில்லை. என் வயதுக்காரிகளும் உங்கள் வயதுக்காரிகளும் முற்றத்தில் வாடகைக் கதிரைகளைத் தேடினோம். ஒருத்தி பாயில் இருந்துவிட்டு எழும்ப இரண்டு பேர் கை கொடுக்க வேண்டியிருந்தது. அவளுக்கு நாற்பதும் ஆகவில்லை.

அந்தப் பெரியம்மா எந்த வகுப்புக்கும் போனவர் அல்ல. கச்சான் பிடுங்கும் காலத்தில் விடியலிலிருந்து குந்தியபடியே வரிசை முடித்தவர். சுளகு, அரிவாள்மனை, அடுப்பு எல்லாமே தரையில்தான். அந்த உழைப்பைப் புகழ்ந்து பாட நான் வரவில்லை. இடுப்பொடிந்து போனவர்களையும் அதே வயல்களில் பார்த்திருக்கிறேன். ஆனால் தரை அவர்களுக்கு அந்நியமாகவில்லை. நமக்கு ஆகிவிட்டது. மீள்குடியேறி வந்தபோது எங்கள் வீட்டுக்கு முதலில் வாங்கிய தளபாடம் பிளாஸ்டிக் கதிரைதான். தறப்பாளில் மாதக்கணக்காகக் கிடந்த பிறகு கதிரையில் இருப்பது மனிதராக இருப்பது போலிருந்தது. அதில் தப்பில்லை. இருந்தவர்கள் பிறகு இறங்கவேயில்லை என்பதுதான் என் மனக்குறை. காலையில் மேசை, பஸ்ஸில் இருக்கை, இரவில் தொலைக்காட்சிக்கு முன் கதிரை. இடுப்பும் முழங்காலும் கணுக்காலும் முழுதாக மடங்குகிற ஒரு நிமிடம் நாள் முழுவதும் இல்லை.

கராத்தே வகுப்பு எதில் தொடங்குகிறது என்று மகளைக் கேட்டுப் பாருங்கள். முழங்காலிட்டு இருப்பதில். முதலில் இடது முழங்கால், பிறகு வலது. பாதத்தின் மேற்புறம் தரையில் படிய, குதிக்கால்களின் மேல் இருக்க வேண்டும். எழும்பும்போது வலது பாதம் முதலில். முடிக்கும்போதும் அதுவே.

நான் வவுனியாவில் இதைத் தொடங்கியபோது நாற்பதைத் தாண்டியிருந்தேன். இடுப்புப் பட்டியின் நிறப்படி வரிசை என்பதால், எட்டு வயதுப் பையன் ஒருவனுக்கும் கீழே கடைசியில் என் இடம். சீமெந்துத் தரையில் கணுக்கால் தீயாக எரிந்தது. மாஸ்டர் ஒன்றும் பேசாமல் ஒரு துவாயை மடித்துக் கணுக்காலின் கீழ் வைத்தார். அந்தப் பையன் அடுத்த வகுப்பிலிருந்து தன் துவாயை எனக்காகக் கொண்டு வந்தான். பல மாதங்களின் பின் துவாய் தேவைப்படவில்லை. தண்டால் அதற்கும் பிறகுதான் வந்தது, அதுவும் முழங்கால் ஊன்றி.

அதற்கு முன் வேறொரு வகுப்புக்கும் போயிருந்தேன். முதல் நாளே புதியவர்களைத் தவளைப் பாய்ச்சல் பாயவிட்டு, வாந்தி எடுத்தவளைப் பார்த்துச் சிரித்தவர் அங்கே மாஸ்டர். அப்படிப்பட்ட ஆளிடம் ஒரு நாளும் நிற்காதீர்கள். சேர முன் ஒன்றே ஒன்று கேளுங்கள்: "முழங்கால் நோகிறது என்றால் என்ன செய்வீர்கள்?" "தாங்கப் பழகு" என்றால் வந்த வழியே திரும்புங்கள். தசை நோவு அடுத்த நாளோ அதற்கடுத்த நாளோ உச்சத்துக்கு வந்து தானாகத் தணியும். மூட்டில் குத்தினால் உடனே நிறுத்த வேண்டும். தசை சீக்கிரம் பலப்படும், தசைநாண்களுக்குக் கூடுதல் காலம் வேண்டும். முதல் மாதங்களில் வாரத்துக்கு இரண்டு நாளுக்கு மேல் ஆசைப்படாதீர்கள். பக்கத்தில் நிற்பவரோடு இரண்டு வார்த்தை பேச முடியாதபடி மூச்சு முட்டினால், வேகத்தைக் குறைத்துக்கொள்ள உங்களுக்கு உரிமை உண்டு.

ஆகவே எக்ஸ்ரேயைப் பார்த்து டாக்டர் சரி என்றால், வருகிற சனிக்கிழமையே சேருங்கள். தொடையில் இருப்பதை மாஸ்டரிடம் முதல் நாளே சொல்லுங்கள். உதை வாங்கும் பயிற்சியில் அந்த இடத்தை விலக்கிவிடுவார். அதுவரை இரவுச் சாப்பாட்டைப் பாய் விரித்து மகளோடு தரையில் இருந்து சாப்பிடுங்கள். கை ஊன்றித்தான் எழும்ப வருகிறது என்றால் ஊன்றியே எழும்புங்கள்.

வெள்ளை உடை உடனே வேண்டாம், தளர்ந்த காற்சட்டையும் டீசேர்ட்டும் போதும். நகத்தை ஒட்ட வெட்டுங்கள். காப்பு, தோடு, சங்கிலி எதுவும் வகுப்பில் கூடாது. தாலிக்கொடி உட்பட. கழற்றி வீட்டில் வைத்துவிட்டுப் போங்கள். மாமியார் கேட்டால் என்னோடு பேசச் சொல்லுங்கள்.

அன்புடன்,
அக்கா